190 ஜூல் இருந்தும் ஆய்வாளர் ஏன் கையெழுத்திடவில்லை?

கேள்வி: டர்பனுக்குத் தெற்கே ப்ராஸ்பெக்டனில் ஒரு குழாய்ப் பட்டறையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். செகுண்டா பக்கம் எரிவாயு செல்லும் பாதையில் ஒரு பகுதியை மாற்றுவதற்காக, 24 அங்குல விட்டமும் 14.3 மி.மீ. சுவர்த் தடிமனும் கொண்ட எக்ஸ்65 என்னும் வலுத்தர உருக்கில் பற்றவைத்த குழாய்களை ஓர் இருப்பு வியாபாரியிடம் வாங்கினோம். ஆலைச் சான்றிதழில் சார்ப்பி சோதனை 0 டிகிரியில் சராசரி 190 ஜூல் என்றிருக்கிறது. டிடபிள்யூடிடி (எடையை விழவிட்டுக் கிழிக்கும் சோதனை) முடிவு இல்லை என்பதால் வாடிக்கையாளரின் ஆய்வாளர் கையெழுத்திட மறுக்கிறார். 27 ஜூல் கேட்ட இடத்தில் 190 இருக்கிறது. டர்பனில் பனியும் கிடையாது. இது வீண் பிடிவாதம்தானே ஐயா?

பதில்: பிடிவாதம்தான், ஆனால் வீண் இல்லை. அவர் கேட்கும் கேள்விக்கு உங்கள் 190 ஜூல் பதில் சொல்லவில்லை.

சார்ப்பி சோதனையில் உடைவது 10 மி.மீ. சதுரமும் 55 மி.மீ. நீளமும் உள்ள ஒரு சிறு துண்டு. அதில் 2 மி.மீ. ஆழத்தில் ஒரு வெட்டு, அடியில் 0.25 மி.மீ. ஆரத்துக்கு மழுங்கியிருக்கும். இன்றைய சுத்தமான உருக்குகளில், ஊசல் சுத்தியல் செலவிடும் ஆற்றலில் பெரும்பகுதி அந்த மழுங்கிய வெட்டிலிருந்து விரிசலைத் தொடங்கிவைக்கவே போய்விடுகிறது. தொடங்கிய விரிசல் ஓடுமா, நிற்குமா என்பது அந்த எண்ணுக்குள் மறைந்துகிடக்கிறது. போதாக்குறைக்கு, தடித்த சுவர் உருக்கை இழுபடவிடாமல் இறுக்கிப் பிடிக்கும்; உங்கள் 14.3 மி.மீ. சுவரின் அந்த முழுப் பிடியை 10 மி.மீ. துண்டு உணர்வதில்லை. சுவர் தடிக்கத் தடிக்க, உருக்கு நொறுங்கத் தொடங்கும் வெப்பநிலை மேலே ஏறும். சிறு துண்டில் நல்லபிள்ளையாக நடக்கும் உருக்கு முழுச் சுவரில் அப்படி நடக்கும் என்று எழுதித்தர முடியாது.

எரிவாயுக் குழாயில் இதற்கு ஏன் இவ்வளவு பயம்? குழாய் கிழிந்தவுடன் உள்ளே அழுத்தம் குறையும் அலை ஒன்று ஓடுகிறது. இயற்கை எரிவாயுவில் அதன் வேகம் விநாடிக்குச் சுமார் 400 மீட்டர். நொறுங்கி ஓடும் விரிசல் இதை முந்திவிடும். அதன் முனையில் எப்போதும் முழு அழுத்தமே நிற்பதால், அது ஓய்வதற்குக் காரணமே இல்லை. இழுபட்டுக் கிழியும் விரிசல் மெதுவாக ஓடும். அழுத்த அலை முந்திச் செல்ல, முனையில் விசை குறைந்து விரிசல் நின்றுவிட வாய்ப்புண்டு. 1960இல் அமெரிக்காவில் 30 அங்குல எரிவாயுக் குழாய் ஒன்றைச் சோதிக்கும்போது விரிசல் ஏறக்குறைய 13 கிலோமீட்டர் ஓடியது. அந்தக் காலத்துப் பாடங்களிலிருந்துதான், அமெரிக்காவின் பட்டெல் ஆய்வு நிறுவனத்தில் டிடபிள்யூடிடி என்னும், கனமான எடையை விழவிட்டு முழுத் தடிமன் துண்டைக் கிழிக்கும் சோதனை உருவானது.

இதில் துண்டு 305 மி.மீ. நீளம், 76 மி.மீ. அகலம், தடிமன் குழாய்ச் சுவரின் முழுத் தடிமன். கூரான உளியை அழுத்திச் சுமார் 5 மி.மீ. ஆழத்துக்கு வெட்டு பதிப்பார்கள். உருக்கு அங்கே கெட்டிப்பட்டுவிடுவதால் விரிசல் எளிதில் தொடங்கும். சோதனை வெப்பநிலையில் வைத்த திரவக் குளியலில் ஊறிய துண்டை எடுத்துப் பத்து விநாடிக்குள் உடைக்க வேண்டும். பிறகு ஜூலைப் பார்ப்பதில்லை, உடைந்த முகத்தைப் பார்க்கிறோம். மங்கிய சாம்பல் நிறத்தில் நார்நாராகத் தெரிந்தால் இழுபட்டுக் கிழிந்திருக்கிறது. உங்கள் நேட்டால் சர்க்கரைபோல் மினுமினுத்தால் நொறுங்கியிருக்கிறது. வெட்டின் பக்கமும் சுத்தியல் விழுந்த பக்கமும் ஒவ்வொரு சுவர்த் தடிமன் அளவு ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை அளக்கிறோம். உங்கள் குழாயில் அது 42 மி.மீ. சொச்சம். இரண்டு துண்டுகளின் சராசரியில் நார்ப் பகுதி 85 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது ஏபிஐ 5எல் என்னும் குழாய்த் தர விதிநூல் சொல்லும் அளவு.

டர்பன் வானிலையை மறந்துவிடுங்கள். குழாய் போகும் இடம் செகுண்டா. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்தில் குளிர்கால இரவுகளில் உறைபனி விழும் ஹைவெல்ட். புதைத்த குழாய்க்கு மண் கொஞ்சம் போர்வை தரும். வால்வு நிலையங்களில் வெளியே நிற்கும் குழாய்க்கு அது இல்லை. அதைவிட முக்கியம், அழுத்தம் இறங்கும்போது வாயுவே குளிர்ந்துவிடும்: ஒரு பார் குறைந்தால் ஏறக்குறைய அரை டிகிரி. 50 பாரிலிருந்து 10 பாருக்கு இறக்கினால் 20 டிகிரி போய்விடும். 10 டிகிரியில் வந்த வாயு உறைநிலைக்கும் கீழே 10 டிகிரியில் வெளியேறும். ஆகவே வாடிக்கையாளரிடம் முதலில் கேட்க வேண்டியது, வடிவமைப்பின் மிகக் குறைந்த வெப்பநிலை என்ன என்பதுதான். 0 டிகிரியில் சோதித்துவிட்டு, பிறகு உறைநிலைக்குக் கீழே இன்னொரு சோதனை கேட்டால் இரண்டு செலவு.

உங்கள் உருக்கில் இன்னொரு சிக்கலையும் எதிர்பார்க்கிறேன். 190 ஜூல் உள்ள கெட்டிக்கார உருக்கில் விரிசல் நார்நாராகத் தொடங்கி, சுத்தியல் அடித்து அமுக்கிய பகுதியை நெருங்கும்போது திடீரென மினுமினுக்கும். தலைகீழ் முறிவு என்று சொல்வோம். அது உருக்கின் குணமா, சோதனையின் குறையா என்ற சண்டை ஆய்வகங்களில் இன்னும் ஓயவில்லை. அம்பு முனை வடிவ வெட்டைப் பயன்படுத்தினால் ஓரளவு தவிர்க்கலாம். எந்த வெட்டு, தலைகீழ் முறிவை எப்படிக் கணக்கிடுவது என்று ஆய்வாளரிடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். உடைத்த பிறகு பேசினால் உங்கள் பேச்சு எடுபடாது.

வேலையைத் தொடங்குமுன் ஒவ்வொரு குழாயின் மேல் எழுதிய ஹீட் எண்ணை (எந்த உருக்கு உருக்கலிலிருந்து வந்தது என்று காட்டும் எண்) சான்றிதழோடு ஒப்பிடுங்கள். இருப்பு வியாபாரிகளிடம் வாங்கும் சரக்கில் கலப்பு சகஜம். ஒரு ஹீட்டின் முடிவு மற்றொன்றுக்குச் செல்லாது. நீளவாக்கில் பற்றவைத்த குழாயானால், பற்றவைப்பிலிருந்து 90 டிகிரி தள்ளி, குழாயின் குறுக்கே துண்டு வெட்ட வேண்டும். சார்ப்பி இயந்திரம் பல ஆய்வகங்களில் உண்டு. பல ஆயிரம் ஜூல் ஆற்றல் கேட்கும் டிடபிள்யூடிடி இயந்திரம் அரிது. சானாஸ் (தென்னாப்பிரிக்காவின் ஆய்வக அங்கீகார அமைப்பு) அங்கீகாரம் இருக்கிறது என்று ஆய்வகம் சொன்னால் போதாது. அந்த அங்கீகாரப் பட்டியலில் இந்தச் சோதனை பெயரிட்டு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏதேனும் ஒரு ஹீட் 85ஐ எட்டாவிட்டால் அதைத் தனியே எடுத்துவைத்துவிடுங்கள். பெட்ரோல், டீசல் போன்ற திரவம் செல்லும் பாதைக்கு அதை யாராவது கேட்கக்கூடும். திரவத்தில் அழுத்த அலை விநாடிக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல் ஓடுவதால் விரிசல் நெடுந்தூரம் போவதில்லை. அங்கே உங்கள் சார்ப்பி எண்ணை வைத்துப் பேச இடமிருக்கிறது. எரிவாயுவுக்கு அதை விற்க முயல வேண்டாம்.