வேதியியல் காப்புரிமைத் தகராறுகள்: கேள்வி பதில்

கே: பல்கலைக்கழகச் சம்பளத்தில் கண்டுபிடித்தது பல்கலைக்கழகத்துக்குத்தானே சொந்தம்? கம்பெனி எப்படி நடுவில் வருகிறது?

ப: அமெரிக்காவில் தானாகச் சொந்தமாகாது, எழுதித்தர வேண்டும். ஆய்வாளர் மார்க் ஹோலட்னி 1988இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது கையெழுத்திட்ட தாளில் ‘உரிமையை எழுதித்தரச் சம்மதிக்கிறேன்’ என்று இருந்தது. பிசிஆர் என்ற, டி.என்.ஏ.வைப் பல மடங்கு பெருக்கும் முறையைக் கற்றுக்கொள்ள சீட்டஸ் கம்பெனிக்குப் போனார். அங்கே வருகையாளருக்கென்று நீட்டிய ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் ‘இதன்மூலம் எழுதித்தருகிறேன்’ என்று இருந்தது. நிலம் வாங்கியவர்களுக்கு இந்த வித்தியாசம் சட்டென்று புரியும்: முதலாவது கிரய ஒப்பந்தம், இரண்டாவது கிரயப் பத்திரம். அவர் பங்கேற்று உருவாக்கிய, ரத்தத்தில் எச்.ஐ.வி. அளவைக் கணக்கிடும் முறைக்கு ஸ்டான்ஃபோர்ட் காப்புரிமை பெற்றது. சீட்டஸின் பிசிஆர் தொழிலை வாங்கிய ரோஷ் மீது 2005இல் வழக்குத் தொடுத்தது; 2011இல் உச்ச நீதிமன்றத்தில் 7-2 என்று தோற்றது. அரசு நிதியில் நடந்த ஆய்வு என்பதால் 1980ஆம் ஆண்டின் பே-டோல் சட்டப்படி உரிமை தானாகவே தனக்கு வந்துவிடும் என்ற அதன் வாதமும் எடுபடவில்லை.

வெளி ஆய்வகத்துக்குப் போகிறவர்கள் வாசலில் நீட்டும் தாளையும் வரிவரியாகப் படியுங்கள். ‘எழுதித்தருகிறேன்’ என்று நிகழ்காலத்தில் இருந்தால் கையெழுத்திடாமல் உங்கள் காப்புரிமைப் பிரிவுக்கு அனுப்புங்கள்.

கே: ஆய்விதழில் கட்டுரை வந்து நான்கு மாதம் ஆகிறது. இனி விண்ணப்பிக்கலாமா?

ப: அமெரிக்காவில் வெளியான நாளிலிருந்து 12 மாதம் அவகாசம் உண்டு. ஐரோப்பாவில் கதவு மூடிவிட்டது. இந்தியாவில் காப்புரிமைச் சட்டத்தின் 31ஆம் பிரிவு அறிஞர் சங்கக் கூட்டத்தில் வாசித்த கட்டுரைக்கும் அச்சங்கத்தின் வெளியீட்டுக்கும் 12 மாதம் தருகிறது; சாதாரண ஆய்விதழுக்கு அதை நம்பாதீர்கள். முதலில் விண்ணப்பம், பிறகுதான் கட்டுரை.

கே: ஏஇசட்டி மருந்து எச்.ஐ.வி.யை அடக்கும் என்று காட்டியவர்கள் அமெரிக்க அரசு விஞ்ஞானிகள் ப்ரோடரும் மிட்சுயாவும். காப்புரிமையோ பரோஸ் வெல்கம் கம்பெனிக்கு. இது அநியாயம் இல்லையா?

ப: தேதிகளைப் பாருங்கள். சேர்மத்தை 1964இலேயே ஜெரோம் ஹார்விட்ஸ் தயாரித்துவிட்டார், காப்புரிமை எடுக்கவில்லை. வெல்கம் 1984 இறுதியில் எலி வைரஸ்களில் சோதித்தது. 1985 பிப்ரவரி தொடக்கத்தில் எய்ட்ஸ் சிகிச்சைக்கான விண்ணப்ப வரைவு தயாராக இருந்தது. அரசு ஆய்வகத்துக்குப் போனது பெயர் மறைத்த மாதிரி. நல்ல முடிவு வந்தது அந்த மாதம் 20ஆம் தேதி. என்ன சேர்மம், எந்த நோய்க்கு, எப்படிக் கொடுப்பது என்ற முழு எண்ணமும் வரைவில் இருந்ததால், சோதனை அதை உறுதிப்படுத்தியது மட்டுமே என்று 1994இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

கே: வேலை செய்யுமா என்றே தெரியாதபோது அது வெறும் ஊகம்தானே? ஊகத்துக்கா காப்புரிமை?

ப: கோபம் நியாயமானது. ஆனால் பலிக்கும் என்ற நிச்சயத்தைச் சட்டம் கேட்பதில்லை. தேர்ந்தவர் கூடுதல் ஆராய்ச்சியின்றிச் செய்து பார்க்கும் அளவுக்கு எண்ணம் தெளிவாக இருக்கிறதா என்றுதான் கேட்கிறது. ஒரு விஷயத்தையும் மறக்க வேண்டாம்: வழக்கில் இருந்த ஆறு ஏஇசட்டி காப்புரிமைகளில் ஐந்துதான் அப்படித் தீர்ந்தன. நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களான டி-செல்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது பற்றிய ஆறாவது, மறுவிசாரணைக்குத் திரும்பியது.

கே: அப்படியென்றால் டானா-ஃபார்பர் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் தொடுத்த வழக்கில் விஞ்ஞானிகள் ஃப்ரீமனும் வுட்டும் எப்படி ஜெயித்தார்கள்? அவர்களும் சோதனைதானே செய்தார்கள்?

ப: இல்லை. அவர்கள் கட்டளைப்படி மாதிரியைச் சோதித்துக் கொடுத்தவர்கள் அல்லர். ஜப்பானிய விஞ்ஞானி ஹோஞ்சோவுடன் தரவுகளையும் கருத்துகளையும் பகிர்ந்து, நோய் எதிர்ப்புச் செல்களை அடக்கும் பிடி-1, பிடி-எல்1 என்ற புரதங்களின் பிணைப்பைப் பற்றிய எண்ணம் உருவாகவே உதவினார்கள். அதனால் 2020இல் கூட்டுக் கண்டுபிடிப்பாளர்களாக ஏற்கப்பட்டார்கள். எண்ணம் பிறக்கும் முன் கொடுத்தீர்களா, பிறந்தபின் சரிபார்த்தீர்களா என்பதுதான் கேள்வி. கம்பெனி அனுப்பிய 50 மில்லிகிராம் பொடியைச் சோதிக்கும்போது உங்களுக்குத் தோன்றும் புதிய பயன், புதிய அளவு, புதிய உப்பு வடிவம் எதுவானாலும் தேதியிட்டு நோட்டில் எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்கிய பிறகே அவர்களிடம் பேசுங்கள்.

கே: மாநாட்டில் போஸ்டர் மட்டும் வைத்தேன். அதுவும் வெளியீடா?

ப: ஆம். நூலகத்தில் வைத்த தீசிஸும் அப்படியே. மேலே சொன்ன பதில்தான்.

கே: நோய்க்குக் காரணமான நொதியை நாங்கள் கண்டோம். அதைத் தடுக்கும் மருந்தில் பங்கு கேட்கலாமா?

ப: தடுக்கும் சேர்மம் ஒன்றையாவது காட்டினீர்களா? வலிக்கும் வீக்கத்துக்கும் காரணமான காக்ஸ்-2 நொதியை மட்டும் தடுக்கும் முறைக்கு ரோச்செஸ்டர் பல்கலைக்கழகம் 2000இல் காப்புரிமை பெற்று, கிடைத்த அன்றே சேர்ல் மருந்துக் கம்பெனி மீது வழக்குப் போட்டது. விவரிப்பில் அப்படித் தடுக்கும் ஒரு சேர்மம்கூட இல்லை; 2004இல் மேல்முறையீட்டிலும் காப்புரிமை செல்லாமல் போனது. அதே காக்ஸ்-2 விவகாரத்தில் பிரிகம் யங் பல்கலைக்கழகத்துக்கு 2012இல் ஃபைசர் 45 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்தது. அங்கே கைகொடுத்தது பின்னாளில் தன் மருந்துத் தொழில் ஃபைசரிடம் போய்ச்சேர்ந்த மான்சான்டோவுடன் 1991இல் போட்டிருந்த ஆய்வு ஒப்பந்தம். திரும்பவும் சொல்கிறேன், ஒப்பந்த வாசகம்.

கே: தெரிந்த சேர்மத்தின் புது வடிவத்துக்குக் காப்புரிமையைக் கட்டுப்படுத்தும் இந்தியச் சட்டப் பிரிவு 3(டி) பற்றி விளக்குங்கள்.

ப: அது தனிப் பொருள். இந்தியக் காப்புரிமை முகவரிடம் கேளுங்கள்.

கே: ஆய்விதழில் வருமுன்பே கட்டுரையை இணையத்தில் ப்ரீபிரின்ட்டாகப் போட்டுவிட்டேன்...

ப: வெளியீடுதான். மூன்றாவது முறை. தேதியைக் குறித்துக்கொண்டு இன்றே காப்புரிமைப் பிரிவுக்குப் போங்கள்.

கே: எங்கள் கட்டுரையின் வரைபடத்தையே கம்பெனி தன் விண்ணப்பத்தில் போட்டுவிட்டால்?

ப: கொலராடோ மருத்துவர்கள் ஆலனுக்கும் செலிக்மனுக்கும் நடந்தது இதுதான். மெட்டர்னா என்ற கர்ப்பகால மாத்திரையில் கால்சியம் கார்பனேட்டும் மக்னீசியம் ஆக்சைடும் இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதைக் குறைப்பதைக் கண்டார்கள். அமெரிக்கன் சயனமிட், அவர்களுடைய கையெழுத்துப் பிரதியிலிருந்து எடுத்து எழுதி, தன் ஊழியர் ஒருவரை மட்டுமே கண்டுபிடிப்பாளராகக் காட்டி 1981இல் விண்ணப்பித்தது. காப்புரிமை கிடைத்தது 1984இல், வழக்கு 1993இல், மேல்முறையீட்டில் கடைசி வெற்றி 2003இல். கம்பெனிக்கு அனுப்பும் பிரதியின் ஒவ்வொரு பக்கத்திலும் ‘ரகசியம்’ என்றும் தேதியும் போட்டு, அனுப்பிய மின்னஞ்சலைப் பத்திரப்படுத்துங்கள். அந்தக் கம்பெனியின் பெயரில் வெளியாகும் விண்ணப்பங்களை மாதம் ஒருமுறை தேடுங்கள். பொதுவாக விண்ணப்பித்த 18 மாதத்தில் அவை வெளியாகிவிடும்.