பள்ளி வேதியியல் ஆய்வகக் கழிவை எப்படி அகற்றுவது?

செய்முறை வகுப்பு முடிந்ததும் மிச்சக் கரைசல்களைத் தொட்டியில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிடுவதே உங்கள் பள்ளியின் வழக்கம், வேறு வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். தேவகோட்டைப் பக்கம் பல ஆண்டுகளாக வேதியியல் நடத்துபவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் அந்தத் தொட்டியின் குழாய் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். நம் பக்கத்துப் பள்ளிகள் பலவற்றில் சுவருக்குப் பின்னால் ஓர் உறிஞ்சுகுழியில்தான் முடியும். ஓட்டில் விழும் மழையைக்கூட வீணாக்காமல் கிணற்றிலும் ஊருணியிலும் சேர்த்துவைத்த மண் செட்டிநாடு. அதற்குள் ஈயத்தையும் குரோமியத்தையும் இறக்கலாமா? மூடப்பட்ட ஓர் ஆலையின் குரோமியக் கழிவு ராணிப்பேட்டையில் நிலத்தடி நீரை எப்படிக் கெடுத்தது என்பது ஊரறிந்த செய்தி.

உலோகம் கலவாத நீர்த்த அமிலம் பெரிய சிக்கல் இல்லை. நுரை அடங்கும்வரை ஆப்பசோடாவைச் சிறிது சிறிதாகப் போட்டு, பிஎச் தாளில் 7-ஐ ஒட்டி வந்ததும் தாராளமாகத் தண்ணீர் விட்டு வெளியேற்றலாம்.

கவனம் தேவைப்படுவது, கொடுத்த உப்பில் என்ன இருக்கிறது என்று கண்டறியும் உப்புப் பகுப்பாய்வின் மிச்சங்களுக்குத்தான். குளோரைடைக் கண்டறியும் குரோமைல் குளோரைடு சோதனைக்குப் பிறகு சோதனைக் குழாயில் நிற்கும் ஆரஞ்சு நிறக் கலவையில் இருப்பது ஆறு இணைதிற குரோமியம், புற்றுநோய் உண்டாக்குவது. கையுறையும் கண்ணாடியும் அணிந்து, ஆறிய கலவையைத் தண்ணீரில் மெதுவாக ஊற்றுங்கள். தண்ணீரை அதில் ஊற்றக் கூடாது. பிறகு, பழுப்பு வளையச் சோதனைக்கு வைத்திருக்கும் பெர்ரஸ் சல்பேட்டைச் சேர்த்துக்கொண்டே வந்தால் ஆரஞ்சு மறைந்து பச்சை வரும். குரோமியம் நச்சு குறைந்த மூன்று இணைதிறத்துக்கு இறங்கிவிட்டது என்று பொருள். சலவை சோடா போட்டால் சேறுபோலப் படியும். அதை வடிகட்டி மூடியிட்ட புட்டியில் வையுங்கள். மாணவர்கள் கண் முன்னே செய்யுங்கள். பாடநூலின் ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினை அங்கே நடக்கிறது.

ஈயம், அம்மோனியாவைக் கண்டறியும் நெஸ்லர் கரைசலின் பாதரசம் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் புட்டிகள். பெயரும் தேதியும் ஒட்டுங்கள். நைட்ரிக் அமிலத்தை அசிட்டோன், ஆல்கஹால் இருக்கும் புட்டியில் ஒருநாளும் சேர்க்காதீர்கள். ஆல்டிஹைடைக் கண்டறியும், வெள்ளி கலந்த டாலன்ஸ் கரைசலை மறுநாளுக்கு வைக்கவே கூடாது, வெடிக்கும் பொருள் உருவாகும். அன்றே நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு, படியும் வெள்ளைச் சில்வர் குளோரைடை எடுத்து வையுங்கள்.

அலமாரியில் உலர்ந்த பிக்ரிக் அமிலமோ, மூடியைச் சுற்றிப் படிகம் கட்டிய பழைய ஈதர் புட்டியோ கண்ணில் பட்டால் தொடாதீர்கள், அசைக்காதீர்கள், வெடிக்கக்கூடும். அறையைப் பூட்டித் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

சேர்ந்த புட்டிகளைக் குப்பை வண்டியில் போட முடியாது. பட்டியலுடன் தலைமை ஆசிரியர் வழியாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதி, அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளர் யார் என்று கேளுங்கள். கும்மிடிப்பூண்டியில் இத்தகைய கழிவுக்கென்றே நிலநிரப்புத் தளம் உண்டு. ஒரு பள்ளியின் நான்கைந்து புட்டிகளுக்காக வண்டி வருவது கடினம். காரைக்குடி, தேவகோட்டைப் பள்ளிகள் சேர்ந்து எழுதினால் செலவும் குறையும். கோடை விடுமுறைக்கு முன்பே எழுதுங்கள், பூட்டிய அறையின் வெக்கையில் அவை மாதக்கணக்கில் கிடக்கக் கூடாது.