கொரில்லா பார்க்கப் போகிறவர் பையில் என்ன இருக்க வேண்டும்?

கேள்வி: ஆகஸ்டில் நானும் மனைவியும் உகாண்டாவின் புவிண்டி காட்டுக்கு மலைக் கொரில்லா பார்க்கப் போகிறோம். எனக்கு 58 வயது. மனைவிக்கு முழங்கால் வலி உண்டு. இணையத்தில் இருக்கும் பட்டியல்களைப் பார்த்தால் ஒரு கடையையே வாங்க வேண்டும் போலிருக்கிறது. உண்மையில் எதெல்லாம் தேவை?

பதில்: பாதிப் பொருட்களை வீட்டிலேயே விட்டுவிடலாம். இது ஜீப்பில் உட்கார்ந்து பார்க்கும் சஃபாரி இல்லை. கொரில்லாக் குடும்பம் அன்று எங்கே இருக்கிறதோ அங்கே நடந்து போக வேண்டும். ஒரு மணி நேரமும் ஆகலாம், ஐந்தாறு மணி நேரமும் ஆகலாம். பல இடங்களில் பாதையே இருக்காது. வழிகாட்டி அரிவாளால் கொடியை வெட்டிக்கொண்டே போவார், நாம் பின்னால் போவோம். அதனால் கைகாலுக்கு வேண்டியதை முதலில் பாருங்கள்.

கணுக்காலுக்கு மேல் வரும், பிடிமானம் உள்ள பூட்ஸ் வேண்டும். இப்போதே வாங்கி, தினமும் காலை நடைக்குப் போட்டுப் பழக்குங்கள். கிளம்பும் முன் கால் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். இறக்கத்தில் பெருவிரல் பூட்ஸின் முனையில் இடித்துக்கொண்டே இருக்கும்.

பலரும் மறப்பது கையுறை. தோட்ட வேலைக்குப் போடும் தடித்த கையுறையே போதும். சரிவில் கால் வழுக்கும்போது கை தானாகவே பக்கத்துச் செடியைப் பிடிக்கும். அங்கே அது பெரும்பாலும் நம் ஊர் செந்தட்டி மாதிரி சுணையுள்ள செடியாக இருக்கும். என்னுடன் வந்த ஒருவர் வெறுங்கையால் பிடித்துவிட்டு, அன்று முழுவதும் கேமரா பொத்தானை அழுத்த முடியாமல் தவித்தார். அப்புறம் எறும்பு. நம் ஊர் முசுறு மரத்தில் இருக்கும், அங்குள்ள எறும்பு தரையில் சாரை சாரையாகப் போகும். வரிசையை மிதித்துவிட்டால் பேண்ட்டுக்குள் ஏறிக் கடித்துவிடும். முழங்கால் வரை வரும் காலுறைக்குள் பேண்ட்டின் நுனியைச் செருகிக்கொள்ளுங்கள்.

புவிண்டி ஏறக்குறைய 1,160 மீட்டரிலிருந்து 2,600 மீட்டர் வரை உயர்ந்த மலைக்காடு. காலையில் ஊட்டிபோலக் குளிரும், ஏறத் தொடங்கினால் வியர்த்துக் கொட்டும். கனமான ஒரே ஸ்வெட்டரைவிட மெல்லியதாக இரண்டு அடுக்கு நல்லது. ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. ராணுவப் புள்ளி போட்ட உடுப்பு எதையும் எடுக்காதீர்கள். உகாண்டாவில் பொதுமக்கள் அதை அணியத் தடை இருக்கிறது. ஆகஸ்டில் மழை குறைவுதான், ஆனாலும் மழைக்கோட்டு இல்லாமல் போகக் கூடாது.

மனைவிக்காக இரண்டு விஷயம். புறப்படும் இடத்திலேயே உள்ளூர் சுமையாளர் கிடைப்பார். கூலி சுமார் 20 டாலர். ஆளுக்கு ஒருவரை அமர்த்துங்கள். அவர் பையைச் சுமப்பார், ஏற்றத்தில் கையைப் பிடித்து இழுப்பார், இறக்கத்தில் கீழே நின்று தாங்குவார். எந்தக் கைத்தடியும் அவர் கைக்கு ஈடாகாது. காட்டை ஒட்டி வாழும் குடும்பங்களுக்கு அது நல்ல வருமானமும்கூட. இரண்டாவது, அனுமதிச் சீட்டு வாங்கும்போதே முழங்கால் வலியைச் சொல்லிவிடுங்கள். ங்குரிங்கோ பகுதி மிகச் செங்குத்தானது, அதைத் தவிர்த்து புஹோமா பக்கம் கேளுங்கள். நடக்கவே முடியாதவர்களை நாற்காலிப் பல்லக்கில் தூக்கிப் போகும் ஏற்பாடும் உண்டு, முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

கொரில்லாவை நெருங்கியதும் பை, தடி எல்லாவற்றையும் அங்கேயே வைத்துவிட்டுக் கேமராவோடு மட்டும் போகச் சொல்வார்கள். அதன்பின் ஒரே ஒரு மணி நேரம்தான். ஃபிளாஷ் கூடாது. 70-200 மி.மீ. ஜூம் லென்ஸ் ஒன்றே போதும். இருண்ட காட்டில் கறுத்த உருவம் என்பதால் ஐஎஸ்ஓ-வை (கேமராவின் ஒளி உணர்திறன்) தயங்காமல் 1600-க்கு மேல் ஏற்றுங்கள். முதல் பத்து நிமிடம் படமே எடுக்காமல் பாருங்கள் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொள்வேன்.

முகக்கவசம் கட்டாயம். நம் சாதாரணச் சளிகூட அவற்றுக்கு உயிராபத்தாகலாம். 2018-ல் வெளியான கணக்குப்படி உலகிலேயே ஆயிரத்துச் சொச்சம் மலைக் கொரில்லாக்கள்தான் இருந்தன. அன்று காலை இருமலோ காய்ச்சலோ இருந்தால், எவ்வளவு பணம் கட்டியிருந்தாலும் தயவுசெய்து போகாதீர்கள். கண்ணாடி போடுபவராக இருந்தால், மூக்கின் மேல் அழுத்திவிடக் கம்பி வைத்த முகக்கவசமாக எடுங்கள். இல்லாவிட்டால் கொரில்லா எதிரே நிற்கும்போது கண்ணாடியில் ஆவி படிந்திருக்கும்.

டாலர் நோட்டுகள் புதியதாக இருக்கட்டும், பல ஆண்டுகளுக்கு முன் அச்சான நோட்டைப் பல இடங்களில் வாங்க மாட்டார்கள்.

கடைசியாக, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற அரசு அங்கீகரித்த மையங்களில்தான் போட முடியும். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். உகாண்டாவில் நுழைய மட்டுமல்ல, திரும்பி வரும்போது நம் விமான நிலையத்திலும் கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள். அந்தச் சான்றிதழான மஞ்சள் அட்டையைப் பெரிய பெட்டியில் போடாமல் பாஸ்போர்ட்டோடு சேர்த்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.