டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘அக்யூட்’ என்று இருந்தால் நோய் முற்றிவிட்டது என்று பொருளா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 64. கடும் வயிற்றுப்போக்கால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, இப்போது வீடு திரும்பியுள்ளார். சேர்த்தபோது 3.8 ஆக இருந்த கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய, இரத்தத்தில் உள்ள ஒரு கழிவு) 1.9 ஆகக் குறைந்திருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘அக்யூட் கேஸ்ட்ரோஎன்டரைட்டிஸ்’, ‘அக்யூட் ஆன் குரோனிக் கிட்னி டிசீஸ்’, ‘கே.சி.ஓ. டயபடிஸ், ஹைப்பர்டென்ஷன்’, ‘ஆர்.ஓ. அப்ஸ்ட்ரக்டிவ் யூரோபதி’, ‘ப்ராக்னோசிஸ் கார்டட்’ என்று எழுதியிருக்கிறார்கள். அக்யூட் என்றால் முற்றிய நிலை என்று உறவினர்கள் சொல்வதால் வீட்டில் அனைவரும் கலங்கியிருக்கிறோம். விளக்க முடியுமா?

பதில்: முதலில் அந்தக் கலக்கத்தைத் தீர்த்துவிடுகிறேன். ‘அக்யூட்’ என்பது நோய் எவ்வளவு விரைவாகத் தோன்றியது என்பதைச் சொல்கிறதே தவிர, எவ்வளவு கடுமையானது என்பதைச் சொல்வதில்லை. மூன்று நாளில் போய்விடும் சளியும் அக்யூட் நோய்தான். மாரடைப்பும் அக்யூட் நோய்தான். கடுமையைக் குறிப்பிட ‘சிவியர்’ என்று தனியே எழுதுவார்கள். ‘குரோனிக்’ என்பது நெடுநாள் நீடிப்பதைக் குறிக்கும். சிறுநீரகத்தைப் பொறுத்தவரை, பாதிப்பின் அடையாளமோ, சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்டும் திறனைக் காட்டும் ஈ.ஜி.எஃப்.ஆர். 60-க்குக் கீழ் இருப்பதோ 3 மாதங்களுக்கு மேல் தொடர்ந்தால்தான் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவோம்.

இரண்டும் சேர்ந்த ‘அக்யூட் ஆன் குரோனிக்’, ஏற்கெனவே தளர்ந்திருந்த சிறுநீரகம் திடீரென்று மேலும் ஒரு பாதிப்புக்கு உள்ளானதைக் கூறுகிறது. உங்கள் தந்தைக்கு வயிற்றுப்போக்கில் நீரும் உப்பும் வெளியேறியதால் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தத்தின் அளவு குறைந்து, கிரியாட்டினின் உயர்ந்திருக்க வேண்டும். அது பாதியாக இறங்கியிருப்பது, திடீர்ப் பாதிப்பு சரியாகி வருவதைக் காட்டும் நல்ல செய்தி. ஆனால் பழைய பாதிப்பு எந்த நிலையில் உள்ளது என்பதை இன்றைய 1.9-ஐ வைத்து முடிவு செய்யக் கூடாது. அளவு இன்னும் மாறக்கூடும் என்பதால், சுமார் 3 மாதங்கள் கழித்து எடுக்கும் இரத்தப் பரிசோதனையும் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதத்தின் அளவும்தான் அதைத் தெளிவாகச் சொல்லும். அதுவரை இணையத்தில் ‘ஸ்டேஜ்’ கணக்கிட்டுப் பார்த்து வருந்த வேண்டாம்.

‘கே.சி.ஓ.’ என்பது ‘நோன் கேஸ் ஆஃப்’ என்பதன் சுருக்கம். சர்க்கரை நோயும் உயர் இரத்த அழுத்தமும் முன்பே கண்டறியப்பட்டவை என்பது இதன் பொருள். ‘ஐட்டிஸ்’ என்று முடியும் சொற்கள் அழற்சியைக் குறிக்கும்; ‘கேஸ்ட்ரோஎன்டரைட்டிஸ்’ என்பது இரைப்பை, குடல் அழற்சி. எல்லா அழற்சிக்கும் கிருமி காரணமாக இருப்பதில்லை என்பதால், அந்த முடிவைக் கண்டவுடன் ஆன்டிபயாட்டிக் தேவை என்று எண்ணிவிடக் கூடாது.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது ‘ஆர்.ஓ.’ என்ற இரண்டு எழுத்துகளைப் பற்றி. ‘ரூல் அவுட்’ என்பதன் சுருக்கமான இது, இந்த நோய் இல்லை என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்று மருத்துவர் எழுதிவைக்கும் நினைவுக்குறிப்பு. நோயாளிக்கு அந்த நோய் இருப்பதாகப் படித்துவிட்டு அஞ்சும் குடும்பங்களை அடிக்கடி பார்க்கிறேன். இங்கே குறிப்பிடும் ‘அப்ஸ்ட்ரக்டிவ் யூரோபதி’ என்பது சிறுநீர்ப் பாதை அடைப்பால் வரும் பாதிப்பு. இந்த வயது ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர்ப் பாதை அடைபடலாம் என்பதால் அந்த ஐயத்தை எழுப்புவது முறையானதே. சம்மரியின் ‘இன்வெஸ்டிகேஷன்ஸ்’ பகுதியில் அல்ட்ராசவுண்ட் முடிவைத் தேடிப் பாருங்கள். ‘நோ ஹைட்ரோநெஃப்ரோசிஸ்’ என்று இருந்தால் சிறுநீரகத்தில் நீர் தேங்கவில்லை, அடைப்புக்கான வாய்ப்பு குறைவு. அந்த முடிவே இல்லையென்றால், ஐயம் தீர்க்கப்பட்டதா என்று மருத்துவரிடம் கேட்டறிவது அவசியம்.

‘ப்ராக்னோசிஸ்’ என்பது நோயின் போக்கு பற்றிய கணிப்பு. ‘கார்டட்’ என்று எழுதுவது கைவிட்டுவிட்டதாகாது. இப்போதைக்கு உறுதி கூற இயலாது, கவனமாகத் தொடர்ந்து பார்க்க வேண்டும் என்பதாகும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நோயாளி தானே உணர்ந்து சொல்வது ‘சிம்ப்டம்’. மருத்துவர் பரிசோதித்துக் காண்பது ‘சைன்’. ‘ஏசிம்ப்டமேட்டிக்’ என்று எழுதி அனுப்பினால், நோயாளிக்குத் தொந்தரவு ஏதும் தெரியவில்லை என்று மட்டுமே பொருள். சிறுநீரக நோய் நெடுங்காலம் எந்தத் தொந்தரவும் காட்டாமல் வளரக்கூடியது. ஆகவே உங்கள் தந்தை ‘நன்றாகத்தான் இருக்கிறேன்’ என்று சொன்னாலும் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

மருந்துப் பட்டியலில் எதற்காவது எதிரே ‘ஹோல்டு’ என்று எழுதியிருந்தால் அது தற்காலிக நிறுத்தம். மெட்ஃபார்மின் மாத்திரையையும் சில இரத்த அழுத்த மாத்திரைகளையும் இத்தகைய நேரத்தில் இப்படி நிறுத்திவைப்பதுண்டு. அவற்றை எப்போது மீண்டும் தொடங்குவது என்பதை அடுத்த சந்திப்பில் கேட்டு, சம்மரியிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளை மருந்துக்கடையில் தாமாக வாங்கித் தர வேண்டாம். மூட்டு வலிக்கோ பல் வலிக்கோ வேறு மருத்துவரிடம் சென்றாலும், இந்தச் சம்மரியை முதலில் அவரிடம் காட்டுங்கள்.