தற்கொலைப் பை ஏன் கிழிவதில்லை?

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகள், 'லைசோசோம் செல்லின் தற்கொலைப் பை' என்று உருப்போட்டுக்கொண்டிருந்தாள். கிட்டத்தட்ட எல்லாச் செல்லிலும் அது இருக்கும்போது புற்றுநோய் செல் மட்டும் ஏன் சாகமாட்டேன் என்கிறது, சார்?
– ஒரு வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: தருமபுரியில் முப்பது வருஷம் விலங்கியல் நடத்தினேன், எந்தப் பிள்ளையும் இதைக் கேட்டதில்லை அம்மா.

உங்கள் ஊர்க்காரர்களுக்கு மாங்காயை வைத்தே சொல்லலாம். பெங்களூரா காயைக் காம்பு விடாமல் பிய்த்தால் பால் பீய்ச்சும். காய்க்குள் இருந்தவரை சாதுவாக இருந்த பால், வெளியே வழிந்ததும் அந்தக் காயின் தோலையே கருக்கிவிடும். (சின்ன வயதில் என் வாயோரத்தையும்!) செல்லுக்குள் இருக்கும் குட்டிப் பையான லைசோசோமும் அப்படித்தான், கிழிந்தால் தன் செல்லையே செரித்துவிடும். உள்ளே 50-க்கும் மேற்பட்ட செரிமான நொதிகள், பிஎச் 5-ஐ ஒட்டிய புளிப்பு. காவலுக்கு ஒற்றைச் சவ்வு.

இது சிக்கியதே தற்செயல். பெல்ஜியத்தில் கிறிஸ்டியன் டி டூவ் எலி ஈரலைப் பதமாக அரைத்து ஒரு நொதியை அளந்தார். எதிர்பார்த்ததில் பத்தில் ஒரு பங்குதான் இருந்தது. ஃபிரிட்ஜில் வைத்து ஐந்து நாள் கழித்து அளந்தால் எகிறிவிட்டது! நொதி ஏதோ பைக்குள் இருந்திருக்கிறது, பை நைந்து வெளியே வந்திருக்கிறது. 1955-ல் பெயர் வைத்தார், 1974-ல் நோபல்.

புற்றுநோய் செல்லில் இந்தப் பைகள் பெருத்திருக்கும், பல வகைகளில் சவ்வும் நொய்ந்திருக்கும். ஆனால் அந்தச் செல் கெட்டிக்காரன். எச்.எஸ்.பி.70 என்ற புரதத்தைச் சவ்வுக்கு முட்டுக்கொடுத்துக்கொள்ளும். பட்டினி வந்தால் தன் பழைய பாகங்களையே பைக்குள் போட்டுச் செரித்துப் பிழைக்கும். பைக்குள் இருக்கும் கத்தெப்சின் என்ற நொதியை வெளியே விட்டுப் பக்கத்துத் திசுவை அரித்து வழி பண்ணிக்கொள்ளும். டாக்ஸோரூபிசின் மாதிரி புற்றுநோய் மருந்து வந்தால் அதில் ஒரு பகுதியைப் பையில் அடைத்து, உட்கருவை நெருங்கவிடாது. சாவதற்கு வைத்த பையா இது?

அந்தச் சவ்வைக் கசியவைக்கும் மருந்துகளைத்தான் ஆய்வுக்கூடங்களில் தேடுகிறார்கள். கொஞ்சம் கசிந்தால் கத்தெப்சின், செல்லின் சக்திக்கூடமான மைட்டோகாண்ட்ரியாவைத் தூண்டிவிட, செல் ஒழுங்காகத் தன்னை முடித்துக்கொள்ளும். மொத்தமாகக் கிழிந்தால் செல்லே சிதறி, சுற்றிலும் அழற்சிதான். மலேரியாவுக்குக் கொடுத்த குளோரோகுயின் பையின் புளிப்பைக் குறைத்துச் செரிமானத்தைக் கெடுக்கும் என்பதால் அதையும் சோதித்துப் பார்க்கிறார்கள். அதற்காக மெடிக்கலில் வாங்கிப் போட்டுவிடாதீர்கள், கண்ணையும் இதயத்தையும் பதம் பார்த்துவிடும்.

அப்புறம், உங்கள் மகள் பரீட்சையில் 'தற்கொலைப் பை' என்றே எழுதட்டும். மார்க் அதற்குத்தான் போடுவார்கள்.