ஒரே புயல், இரண்டு எச்சரிக்கைகள்

கேள்வி: அமெரிக்கச் சமவெளி மாநிலங்களில் வசந்த காலத்தில் சுழற்காற்று எச்சரிக்கையும் புல்தீ எச்சரிக்கையும் ஒரே நாளில் வருவதாகப் படித்தேன். இடியும் மழையுமான நாளில் புல் எப்படிப் பற்றும்?
– வாசகர், திருச்சி

பதில்: இரண்டுமே ஒரே புயலின் வேலைதான். ராக்கி மலைத்தொடரைக் கடந்து வரும் வலுவான காற்றழுத்தத் தாழ்வு, மெக்சிகோ வளைகுடாவின் ஈரக்காற்றை ஒருபுறமும் தென்மேற்குப் பாலைநிலத்தின் வறண்ட காற்றை மறுபுறமும் இழுத்து வருகிறது. இவை சந்திக்கும் எல்லைக்குக் கிழக்கே இடிமேகங்கள் திரண்டு சுழற்காற்று பிறக்க, மேற்கே வானம் வெளுத்து, ஈரப்பதம் 15 சதவீதத்துக்கும் கீழே இறங்கி, பலத்த காற்றில் புழுதி கிளம்பும். 2025 மார்ச் 14 அன்று மிசூரியைச் சுழற்காற்றுகள் தாக்கின. அதே நாளில் கான்சாஸ் நெடுஞ்சாலையில் புழுதிப் புயலில் வாகனங்கள் அடுத்தடுத்து மோதி 8 பேர் இறந்தார்கள். ஓக்லஹோமாவிலோ ஸ்டில்வாட்டர் உள்ளிட்ட ஊர்களில் 400-க்கும் மேற்பட்ட வீடுகளைத் தீ சேதப்படுத்தியது. சுழற்காற்றைப் படம்பிடிக்க ஓடுபவர்கள் புல்தீயை அவ்வளவாகக் கவனிப்பதில்லை என்பது என் மனக்குறை.

முந்தின நாள் பெய்த மழையையும் நம்ப முடியாது. பனிக்காலத்தில் காய்ந்து நிற்கும் மெல்லிய புல், வெயிலும் காற்றும் சேர்ந்தால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் உலர்ந்துவிடும். முந்தைய ஆண்டில் நல்ல மழை பெய்திருந்தால் புல் அடர்ந்து வளர்ந்திருக்கும் என்பதால், அந்த மழையே தீக்கு இரை சேர்த்து வைத்ததாக ஆகிவிடுகிறது. புதுப்புல் பச்சை கட்டிய பிறகுதான் அபாயம் தணியும்.

தீயணைப்பாளர்கள் மிகவும் அஞ்சுவது காற்று திசை மாறும் வேளையைத்தான். 2024 பிப்ரவரி 26 அன்று டெக்சாஸின் வடகோடியில் மூண்ட ஸ்மோக்ஹவுஸ் கிரீக் தீ, மேற்குக் காற்றில் நீண்டு ஒடுங்கிய பட்டையாகக் கிழக்கே ஓடியது. பின்னர் குளிர்காற்று முகப்பு (குளிர்ந்த காற்றுத்திரளின் முன்விளிம்பு) வந்து, காற்று வடக்கிலிருந்து வீசத் தொடங்கியதும், அதுவரை பக்கவாட்டாக மெல்ல எரிந்த தெற்கு விளிம்பு முழுவதும் தீயின் முகப்பாகித் தெற்கே பாய்ந்தது. 10 லட்சம் ஏக்கருக்கும் மேல் எரிந்தது. ஆயிரக்கணக்கான மாடுகள் மாண்டன. டெக்சாஸ் வரலாற்றில் இதைவிடப் பெரிய தீ இல்லை. இத்தனைக்கும் தொடக்கம், உளுத்துச் சாய்ந்த ஒரு மின்கம்பம்.

கேள்வி: அப்படியிருந்தும் கான்சாஸ் பண்ணையாளர்கள் தாங்களே புல்வெளிக்குத் தீ வைப்பது ஏன்?
– வாசகி, மதுரை

பதில்: ஃபிளின்ட் ஹில்ஸ் பகுதியில் இது ஆண்டுதோறும் நடப்பது. எரித்த நிலத்தில் துளிர்க்கும் இளம்புல் மாடுகளுக்கு நல்ல தீவனம். மேலும், புல்வெளியை ஆக்கிரமிக்கும் சீடர் மரக்கன்றுகளையும் தீ அழித்துவிடும். ஆனால் காற்று மிதமாக வீசும், காற்றில் ஓரளவு ஈரமுள்ள நாளைத் தேர்ந்து, தீ தாண்டாதபடி நிலத்தின் ஓரப் பட்டையை முன்கூட்டியே எரித்துவிட்டு, தண்ணீர் வண்டியை அருகில் நிறுத்திக்கொண்டுதான் தொடங்குவார்கள். தீ அபாயம் மிகுந்த நாளுக்கு வானிலைத் துறை விடுக்கும் செங்கொடி எச்சரிக்கை வந்துவிட்டால், அந்த வேலையை ஒத்திவைப்பதோடு திறந்தவெளியில் வெல்டிங் செய்வதையும், சூடான வாகனத்தைக் காய்ந்த புல்மேல் நிறுத்துவதையும்கூடத் தவிர்க்க வேண்டும்.