ஆடிட்டுக்கு வந்த இடத்தில் காடு பார்க்கலாமா?

கேள்வி: வங்கித் தணிக்கைக்காக ஒரு வாரம் நாகர்கோவிலில் தங்கப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு. கடற்கரையெல்லாம் முன்பே பார்த்தாச்சு, இந்தத் தடவை காடு பார்க்க ஆசை. ஒரே நாளில் முடியுமா? - திருச்சி வாசகர்

பதில்: தாராளமாக முடியும். ஆனால் மலை மேல் ஏறிக் காட்டுக்குள் போகும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்துக் காட்டின் பெரும்பகுதி 2008-லிருந்து வன உயிரினச் சரணாலயம், அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம், யானை நடமாட்டம் வேறு.

நீங்கள் போக வேண்டியது மலையடிவாரத்தில் இருக்கும் கீரிப்பாறை, அதைத் தாண்டிக் காளிகேசம். போகிற வழியில் தடிக்காரன்கோணம் என்ற ஊரைக் கடந்ததும் இரண்டு பக்கமும் மரமாக வரும், பலரும் அதையே காடு என்று நினைத்துப் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள், எனக்கு ரொம்ப வருத்தம் அதில். அது ரப்பர் தோட்டம். வரிசை பிடித்து ஒரே உயரத்தில் நிற்கும், பட்டையில் சாய்வாகக் கீறியிருப்பார்கள், கீழே பால் வடிகிற சிரட்டை கட்டியிருக்கும். காடு அப்படி இருக்காது. பெரிய மரம், சின்ன மரம், செத்து விழுந்த மரம், அதன் மேலேயே முளைத்த கன்று, பிரம்பு, தொங்கும் கொடி என்று ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும், சில மரங்களுக்கு அடிவேர் பலகை மாதிரி விரிந்திருக்கும். ரப்பர் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள், வெயிலும் காற்றும் மாறுவது உடம்புக்கே தெரியும்.

காளிகேசத்தில் ஆறு இருக்கிறது. கீழே வெயில் அடித்தாலும் மலையில் மழை பெய்தால் தண்ணீர் திடீரென்று ஏறும், கலங்கி வந்தால் உடனே கரையேறிவிடுங்கள். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் இங்கே உண்டு. மழை நாளில் பாதையை அடைத்துவிடுவார்கள், முந்தின நாளே வனத்துறையிடம் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அட்டை. ஒட்டினால் பிடித்து இழுக்காதீர்கள், வாய் இருக்கும் பக்கம் நகத்தை வைத்து மெதுவாகத் தள்ளினால் விட்டுவிடும். ரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் செலுத்துவதால் கொஞ்ச நேரம் கசியும், பயப்பட வேண்டாம், கழுவிவிட்டு அழுத்திப் பிடித்தால் போதும்.

நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து கீரிப்பாறைக்குப் பஸ் உண்டு. இறங்கும்போதே திரும்புகிற கடைசி பஸ் எப்போது என்று கண்டக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.